ஜாசிப் திருப்பி அனுப்பிய சார்ஜர்கள்

பஸ்ராவில் எங்கள் தெருவுக்கு ஜெனரேட்டர் ஓட்டுபவர் ஜாசிப். ஐம்பத்தெட்டு வயது. தெருமுனையில் ஒரு தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு பெரிய டீசல் எஞ்சின், அதிலிருந்து நூற்றிருபது வீடுகளுக்குப் போகும் வயர்கள். அரசாங்கக் கரண்ட் போன ஐந்து நிமிடத்தில் இவருடைய கரண்ட் வந்துவிட வேண்டும். ஆறாவது நிமிடத்தில் ஜன்னல்கள் திறக்கும்.

"ஜாசிபு! தூங்கிட்டியா, செத்துட்டியா? எதுனாலும் சொல்லிட்டுச் செய்யி!"

"நான் செத்தா உங்களுக்குத்தான் முதல்ல தெரியும். ஃபேன் நின்னுடும்" என்று கொட்டகையிலிருந்து பதில் வரும்.

என் பெயர் விதாத். கப்பல் கம்பெனிகளின் சரக்குக் காகிதங்களை வீட்டிலிருந்தே மொழிபெயர்த்துப் பிழைக்கிறவள். என் கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. லேப்டாப் நின்றால் அடுப்பும் நிற்கும். பகலில் அது எனக்கு. சாயங்காலம் என் மகள் ரிஹாபுக்கு, பாடம் பார்க்க. அதனுடைய சார்ஜர் வயரை எலி கடித்துவிட்டதால் அஷார் சந்தையில் ஒரு நடைபாதைக் கடையில் வேறொன்று வாங்கினேன். அதே முனை, அதே கறுப்பு நிறம். கையில் எடுத்தால் நல்ல கனம். கனமான பொருள் ஏமாற்றாது என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

மூன்று மாதம் ஓடியது. பிறகு லேப்டாப் மேஜையில் நேராக உட்காராமல் ஆட ஆரம்பித்தது. விரல் வைத்துத் தடவுகிற பலகை ஒரு பக்கம் மேலே எழும்பியது. ஆகஸ்ட் மாதத்தில் ஒரு காலை, அது திறக்கவே இல்லை. அதையும் சார்ஜரையும் தூக்கிக்கொண்டு நேரே கொட்டகைக்குப் போனேன். அன்று நான் போன வேகத்தை இன்றைக்கும் பக்கத்து வீட்டார் நடித்துக் காட்டுவார்கள்.

"அபூ பத்ரியா! உங்க கரண்ட் என் பிழைப்பைத் தின்னுடுச்சு!" என்றேன். பெற்றவர்களைப் பிள்ளையின் பெயரோடு அபூ (அப்பா), உம்மு (அம்மா) என்று சேர்த்து அழைப்பது எங்கள் மரியாதை; பத்ரியா அவருடைய ஒரே மகள். கல்யாணமாகி அமாராவில் இருக்கிறாள். அவ்வளவு கோபத்திலும் மரியாதைப் பெயரை விடவில்லை என்பது எனக்கே ஆச்சரியம்.

அவர் என் கூச்சலைக் காதில் வாங்கவில்லை. லேப்டாப்பைத்தான் பார்த்தார்.

"அதை ஆட்டாதே, தங்கச்சி. அமுக்காதே. பேட்டரி வீங்கிப் போயிருக்கு. இப்படிக் கீழ வை, இந்த மணல் மேல, நிழல்ல. வீட்டுல எங்க வச்சு சார்ஜ் போடுறே?"

"மெத்தை மேல. ரிஹாப் படுத்துக்கிட்டே பாடம் பாப்பா."

"விடிய விடிய சொருகியேவா?"

நான் சார்ஜரை அவரிடம் நீட்டினேன். அவர் சார்ஜரை வாங்கி, ஓரத்து இடுக்கில் திருப்புளியை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். ஓடு இரண்டாகப் பிளந்தது. உள்ளே கட்டை விரல் அகலத்தில் ஒரு சின்ன சர்க்யூட் பலகை. மீதி இடத்தில் ஒரு இரும்புத் துண்டைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள்.

"இது எதுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உன் கையை ஏமாத்த."

"கனமா இருந்தா நல்ல சரக்குன்னு நெனச்சேன்."

"நீ அப்படித்தான் நெனப்பேன்னு அவனும் நெனச்சிருக்கான்."

பிறகு அந்தப் பலகையை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். "ஃபியூஸ் இல்ல. இந்த ஓரத்துல இருநூத்தி இருபது வோல்ட். அந்த ஓரத்துல உன் பொண்ணோட மடி. நடுவுல ஒரு அரிசி நிக்கிற இடம்கூட விடல. நீங்க ரெண்டு பேரும் உசுரோட இருக்கிறதுக்கு மொதல்ல ஆண்டவனுக்கு நன்றி சொல்லு."

என் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தார். பிறகு சொன்னார்:

"என் தப்பும் இருக்கு, உம்மு ரிஹாப். லைன் மாத்துற நேரத்துல என் மெஷின் ஒரு உதை உதைக்குது, கரண்ட் எகிறுது. நல்ல சார்ஜர் தாங்கிக்கும், இது தாங்கல. ஆனா உதைக்கிறது நான்தானே?"

சண்டை போடப் போன இடத்தில் எதிராளியே தப்பை ஒத்துக்கொண்டால் என்ன செய்வது? நான் அங்கிருந்த டீசல் பீப்பாய் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த வாரமே எஞ்சினில் வோல்ட்டைக் கட்டுப்படுத்துகிற பாகத்தை மாற்றினார். வீடு வீடாகப் போய் மெயின் பக்கத்தில் கைப்பிடி அளவு ஒரு பெட்டி மாட்ட ஆரம்பித்தார். கரண்ட் அளவுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் அது கட் பண்ணிவிடும்; கரண்ட் திரும்பி வந்த பிறகும் மூன்று நிமிஷம் பொறுத்துத்தான் உள்ளே விடும். மூன்று நிமிஷம் பொறுப்பதா என்று பாதித் தெரு முணுமுணுத்தது. சிலர் மாட்டவே விடவில்லை.

எனக்குப் புது பேட்டரியும் சார்ஜரும் வாங்க அவரே கூட வந்தார். கடையில் லேப்டாப்பைக் குப்புறக் கவிழ்த்து, அடியில் இருந்த பொடி எழுத்தை என்னைப் படிக்கச் சொன்னார். அவருக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண்கள் தெரியும்.

"வோல்ட் அச்சு அசலா அதேதான் இருக்கணும். ஆம்பியர் அதுவே இருக்கலாம், கூடவும் இருக்கலாம். குறையக் கூடாது. முனை உள்ளே போகுதுங்கிறதுக்காக வாங்கிடாதே. சாவித் துவாரத்துல குச்சியும்தான் போகும். அப்புறம் கேள், ரசீதுல பேரு போட்டுத் தருவானான்னு. தர மாட்டேன்னா எழுந்து வா."

கடைக்காரர் கையில் ரசீதுப் புத்தகத்தோடு இதைக் கேட்டுக்கொண்டு நின்றார்.

திரும்பும் வழியில், மினி பஸ்ஸின் கடைசி சீட்டில், தன் கதையைச் சொன்னார். குர்னாவுக்கு அப்பால் சதுப்பு நிலத்தில் நாணல் வீட்டில் பிறந்தவர். அப்பாவுக்கு எருமைகள். பத்தொன்பது வயதில் ஈரானோடு நடந்த போருக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். வயர்லெஸ் செட்டுகளின் பேட்டரிகளைச் சார்ஜ் போடும் அறையில் வேலை. கூட ஹன்னூன் என்று ஒரு நண்பன். பக்கத்து ஊர்க்காரன், பாட்டுக்காரன்.

"ஒரு நாள் சார்ஜன்ட் வந்து, எல்லா பேட்டரியும் சாயங்காலத்துக்குள்ள ரெடியாகணும், லாரி பேட்டரிக்குப் போடுற பெரிய சார்ஜர்ல போடு, கதவை மூடு, மணல் அடிக்குதுன்னான். அந்தச் சார்ஜர் ஆகாதுன்னு எனக்குத் தெரியும். கொதிச்சு வாயு வரும். மூடின ரூம்ல அது நிக்கும். எல்லாம் தெரியும், தங்கச்சி. வாயைத் தொறக்கல. சார்ஜன்ட்டுன்னா பயம்."

"அப்புறம்?"

"ஹன்னூன் உள்ள போயி கிளிப்பைக் கழட்டினான். ஒரு பொறி. அவ்வளவுதான். ஆசிட்டு மூஞ்சியில. ஒரு கண்ணு போச்சு."

பஸ் குலுங்கியது. அவர் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஒரு வார்த்தை பேசியிருந்தா அந்தக் கண்ணு இருந்திருக்கும். அவன் என்னை ஒரு தடவைகூடக் கேட்டதில்ல, ஏன்டா சொல்லலைன்னு. அதுதான் பெரிய தண்டனை."

இறங்கும்போது பேச்சை மாற்றினார். "எங்கப்பா எருமைக்கு மூணு விதி வச்சிருந்தாரு. பட்டினி போடாதே, வயிறு வெடிக்கத் தீனி வைக்காதே, வெயில்ல கட்டாதே. பேட்டரிக்கும் அதேதான். சார்ஜ் இருபது சதவீதத்துக்குக் கீழ இறங்க விடாதே. எம்பதுல எடுத்துடு. மெத்தை மேல வேணாம், தரையில ஓடு இருக்குல்ல, அதுல வை. கார்ல விட்டுட்டுப் போகாதே."

"எருமைக்குச் சேறு வேணுமே?" என்றேன்.

"இது சேறு கேட்காது. அதனால எருமையை விட இது வளர்க்கச் சுலபம்."

அடுத்த வசந்தத்தில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை இப்திஹால், சிலரைச் சேர்த்து ஒரு சங்கம் வைத்திருந்தார். பள்ளி இறுதித் தேர்வு எழுதப் போகும் எங்கள் தெருப் பெண்கள் இருபது பேருக்கு அவர்கள் லேப்டாப் கொடுத்தார்கள். புதிது இல்லை, ஆனால் நல்ல நிலையில் இருந்தவை. ரிஹாபுக்கும் ஒன்று. சார்ஜர் மட்டும் கூட வரவில்லை என்பதால் ஒரு வியாபாரியிடம் மொத்தமாக வாங்கியிருந்தார்கள்.

தெருவின் மதக் கூட்டங்கள் நடக்கும் ஹுசைனியா கூடத்தில் விழா. தேநீர், பிஸ்கட், போட்டோ. விளக்குக்கு லைன் கொடுத்தவர் என்பதால் ஜாசிபும் பின்வரிசையில் நின்றார். பெட்டியைத் திறந்தபோது அவர் ஒரு சார்ஜரை எடுத்தார். புரட்டிப் பார்த்தார். இன்னொன்றை எடுத்தார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஆசிரியம்மா, மன்னிக்கணும். இதைக் குடுக்காதீங்க."

எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள்.

"லேப்டாப் மூணு வகை இருக்கு. சார்ஜர் எல்லாம் ஒரே வகை. இருபது பேருக்கும் ஒரே அளவுல செருப்பா? அதோட இது நல்ல சரக்கும் இல்ல. ஒட்டு வாயைப் பாருங்க, பிசின் வழியுது. ஒண்ணைத் தொறந்து காட்டவா?"

ஃபாலிஹ் எழுந்தார். பேரீச்சம்பழ மண்டியில் கணக்கு எழுதுபவர். தெருவிலேயே பெரிய குரல் அவருடையது. அவர் மகள் தக்ரீதும் அந்த இருபதில் ஒருத்தி.

"பாருங்கப்பா! டீசல் ஊத்துறவன் கம்ப்யூட்டர் டாக்டர் ஆயிட்டான்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாப்பாங்களாய்யா?"

"கடிக்கிற மாடா இருந்தா பாக்கணும்ல?" என்றார் ஜாசிப்.

"பொண்ணுங்க பரீட்சை எழுதணும்! உன் ஆராய்ச்சியை அப்புறம் வச்சுக்க!"

ஜாசிப் கையிலிருந்த சார்ஜரை உயர்த்திப் பிடித்தார். பிறகு, யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"இந்தச் சார்ஜரைச் சொருகுற வீட்டுக்கு என் வயர் வராது. இன்னைக்கே வெட்டிடுவேன்."

கூடம் கொதித்தது. ஒரு தாய் அழ ஆரம்பித்தாள். ஒருவர் செருப்பைக் கழற்றினார். மே மாதம் நெருங்கும்போது பஸ்ராவில் கரண்டை வெட்டுவேன் என்று சொல்வது கழுத்தை வெட்டுவேன் என்று சொல்வது போலத்தான். எனக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கம் இல்லை. ஆனாலும் எழுந்தேன். என் லேப்டாப் வீங்கிய கதையை, உள்ளே இருந்த இரும்புத் துண்டை, என் மகள் அதை மடியில் வைத்துத் தூங்கியதைச் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் இப்திஹால் அம்மாவுக்குக் கேட்டது.

"ஒண்ணைத் தொறங்க, அபூ பத்ரியா" என்றார் அவர்.

ஜாசிப் திறந்தார். அதிலும் ஃபியூஸ் இல்லை. இப்திஹால் அம்மா பெட்டியை மூடச் சொல்லிவிட்டார்.

நானும் ஜாசிபும் மூன்று நாள் வீடு வீடாகப் போய், ஒவ்வொரு லேப்டாப்பின் அடியிலிருக்கும் எண்ணையும் எழுதி எடுத்தோம். இப்திஹால் அம்மா அந்தக் காகிதத்தோடு வியாபாரியின் கடையில் போய் உட்கார்ந்தார். அவருடைய பழைய மாணவர்கள் பாதிப் பேர் அந்தச் சந்தையில் வியாபாரம் செய்கிறார்கள். அவர் எழுந்து போகும்வரை யாரும் அந்தக் கடையில் பொருள் வாங்கவில்லை. இருபது சரியான சார்ஜர்கள் வந்தன. பழைய பெட்டியைத் திருப்பி அனுப்பும்போது அதில் ஒன்று குறைந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மே கடைசியில், தேர்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, பிற்பகல் மூன்று மணிக்கு, கம்பி ஏற்றிய லாரி ஒன்று எங்கள் தெருமுனைக் கம்பத்தில் இடித்தது. அறுந்தது நியூட்ரல் வயர். அது அறுந்தால் வீட்டுக்கு வருகிற இருநூற்றி இருபது, முந்நூற்றி எண்பதுவரைகூட ஏறும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது, என் சமையலறை பல்பு சூரியன் மாதிரி வெளுத்ததும், உடனே சுவரிலிருந்த பெட்டி 'டக்' என்று கட் பண்ணியதும்தான்.

வெளியே பட் பட் என்று வெடிச் சத்தம். அதற்கு மேல் ஜாசிபின் குரல்.

"மெயினை இறக்குங்க! எல்லாரும் மெயினை இறக்குங்க!"

கொதிக்கிற தார் ரோட்டில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கதவையும் தட்டினார். ஃபாலிஹின் வீட்டு ஜன்னலிலிருந்து கறுப்புப் புகை வந்தது. அவர்தான் பாதுகாப்புப் பெட்டியை மாட்ட விடாதவர்களில் முதல் ஆள். அவருடைய மனைவி சப்ரியா வாசலில் நின்று அலறினாள். ஃபாலிஹ் மண்டியில் இருந்தார்.

ஜாசிப் திரும்பி ஓடி, கொட்டகையிலிருந்து மணல் வாளியும் மண்வெட்டியும் எடுத்து வந்தார். உள்ளே போய் மெயினை இறக்கினார். கம்பளத்தில் தீ. சார்ஜர் வெடித்திருந்தது. அதோடு சேர்ந்திருந்த லேப்டாப் பாம்பு மாதிரி சீறிக்கொண்டிருந்தது. மணலைக் கொட்டி, லேப்டாப்பை மண்வெட்டியில் அள்ளி, வாசல் தாண்டி ரோட்டோர மணலில் வீசினார். வீசிய மறுகணம் அது பற்றி எரிந்தது. மத்தாப்பு போல வெள்ளை நெருப்பு.

"தள்ளி நில்லுங்க! புகையை இழுக்காதீங்க!"

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தோம். மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தோல் சுருண்டிருந்தது.

மருத்துவமனையில் அவருக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தபோது ஃபாலிஹ் ஓடி வந்தார். வேர்வையில் சட்டை நனைந்திருந்தது. கட்டிலின் அருகில் வந்து நின்றார். அந்தக் குரல் அவ்வளவு சிறியதாக ஆனதை நான் அன்றுதான் கேட்டேன்.

"புது சார்ஜர் நல்லா இருக்குன்னு மண்டிக்கு எடுத்துட்டுப் போயிட்டேன், அண்ணே. அங்க என் லேப்டாப்புக்குப் பொருந்துச்சு. அந்தப் பெட்டியிலருந்து ஒண்ணை எடுத்துப் புள்ளைகிட்ட குடுத்தேன். எடுத்தது நான்தான்."

ஜாசிப் அவரைப் பார்த்தார்.

"புள்ள அப்ப எங்க இருந்தா?"

"சமையல்கட்டுல. தண்ணி குடிக்கப் போயிருந்தா."

"அல்ஹம்துலில்லாஹ். அதை முதல்ல சொல்லுய்யா! வந்ததும் சார்ஜர் கதையைச் சொல்லிக்கிட்டு நிக்கிறான்."

ஃபாலிஹ் குனிந்து அவர் தோளில் முகத்தைப் புதைத்து அழுதார். ஜாசிபுக்குக் கூச்சம். "கை, கை, கையைப் பாத்து" என்று முனகினார்.

அன்று தெருவில் பல வீடுகளில் ஃப்ரிட்ஜும் டிவியும் போயின. பெட்டி மாட்டியிருந்த வீடுகளில் ஒன்றும் ஆகவில்லை. பெட்டி மாட்டாத வீடுகளில் சொருகியிருந்த சங்கத்துச் சார்ஜர்கள் ஆறு செத்துப் போயிருந்தன. ஆனால் ஒன்றுகூட எரியவில்லை. அவற்றோடு இருந்த ஆறு லேப்டாப்புகளும் ஒரு கீறல் இல்லாமல் திறந்தன. ஜாசிப் ஒரு சார்ஜரைப் பிரித்து, உள்ளே கருகிய ஃபியூஸைப் பெண்களுக்குக் காட்டினார்.

"பாத்தீங்களா, கண்ணுங்களா? இவன் தன் உசுரைக் குடுத்திருக்கான். சத்தம்கூடப் போடல."

கம்பத்தைச் சரிசெய்ய ஆறு நாள் ஆனது; அதுவரை எந்த வீட்டுக்கும் கரண்ட் இல்லை. கட்டுப் போட்ட கையோடு அவர் ஹுசைனியா கூடத்துக்குத் தனி லைன் இழுத்தார். நீள மேஜை, நான்கு ஃபேன். என்னிடமிருந்த எண் காகிதத்தைப் பார்த்து, எந்தச் சார்ஜர் எந்த லேப்டாப்புக்குப் பொருந்தும் என்று ரிஹாப் ஒரு பட்டியல் போட்டாள். அதன்படி செத்துப் போகாத சார்ஜர்களை மாற்றி மாற்றிப் போட்டார்கள். தக்ரீத், ரிஹாபின் லேப்டாப்பில் பக்கத்தில் உட்கார்ந்து படித்தாள். தினமும் யாராவது ஒரு வீட்டிலிருந்து சோறு வந்தது. ஃபாலிஹ் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூச்சல் போடுகிறவர்களை விரட்டினார். அந்தக் குரலுக்கும் ஒரு பயன் கிடைத்தது.

ஜூனில் எல்லோரும் தேர்வு எழுதினார்கள். பதினேழு பேர் தேறினார்கள். தக்ரீதுக்கு இரண்டு பாடம் நின்றது. இரண்டாம் முறை எழுதித் தேறினாள். ரிஹாபுக்கு மருந்தியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. அன்று நான் முதலில் ஓடியது கொட்டகைக்குத்தான். அதற்குள் அங்கே இலையில் சோறு சுருட்டி வேகவைத்த டோல்மா அண்டாவோடு சப்ரியா நின்றாள். இன்னொருத்தி குலைச்சா என்ற பேரீச்சைப் பலகாரமும், மற்றொருத்தி சுட்ட மீனும் கொண்டு வந்திருந்தாள்.

"எத்தனை வயிறு இருக்கு எனக்கு? கொண்டு போங்கம்மா" என்று அவர் எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

இப்திஹால் அம்மா அவரை வெளியே வரச் சொல்லிக் கேட்டார்: "உங்களுக்கு என்ன செய்யணும்? வெக்கப்படாம சொல்லுங்க."

அவர் கையைத் துணியில் துடைத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். இந்த எஞ்சினை வாங்கிய நாளிலிருந்து, பதினோரு வருஷமாக, அர்பயீன் என்ற நாற்பதாம் நாள் துக்க யாத்திரைக்குக் கர்பலாவுக்கு நடந்து போக முடியவில்லை. எஞ்சினை விட்டுவிட்டு யார் போவது?

"நாங்க பாத்துக்கறோம்" என்றார் ஃபாலிஹ்.

"நீயா? உனக்கு வீட்டுல தேத்தண்ணி வைக்கத் தெரியாது!"

"கத்துக் குடுங்க."

இரண்டு நாள் எங்களுக்குப் பாடம் நடந்தது. எண்ணெய் பார்ப்பது, சூடு பார்ப்பது, லைன் மாற்றுவது. பகல் இரவாக முறை போட்டோம். ஆகஸ்டில் ஒரு விடியற்காலை, தோளில் சின்னப் பையோடும் கையில் பச்சைக் கொடியோடும் ஜாசிப் நடக்க ஆரம்பித்தார். தெரு முனைவரை எல்லோரும் கூடப் போனோம். அவர் நான்கு தடவை திரும்பிப் பார்த்தார், எங்களை இல்லை, கொட்டகையை.

என் முறை செவ்வாய்க்கிழமை பிற்பகல். முதல் செவ்வாயே போன் வந்தது.

"எண்ணெய் எவ்வளவு?"

"கோட்டுக்கு மேலதான். எங்க இருக்கீங்க?"

"சமாவா பக்கத்துல. நேத்து ஒரு பந்தல்ல தங்கினேன். நூறு போனு ஒரே ஒல்லி வயர்ல தொங்குது, தங்கச்சி. பாத்துட்டு எப்படிப் போறது? அரை நாள் அங்கேயே உக்காந்துட்டேன்."

"நடக்கப் போனீங்களா, வயர் இழுக்கப் போனீங்களா?"

அவர் சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. "கால்ல கொப்புளம். ஒரு பெரியவர், முன்னப் பின்னத் தெரியாது, வெந்நீர் கொண்டாந்து என் காலைக் கழுவி விட்டாரு. வேணாம்னா கேக்கல. நான் அழுதுட்டேன். நான் யாருக்கு என்ன செஞ்சேன், சொல்லு?"

எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அதற்குள் அரசாங்கக் கரண்ட் போய்விட்டது.

"ஒரு நிமிஷம், அபூ பத்ரியா. வைக்காதீங்க."

போனை டீசல் பீப்பாய் மேல் வைத்துவிட்டு, அவர் சொல்லிக் கொடுத்த வரிசைப்படி ஒவ்வொன்றாகச் செய்தேன். எஞ்சின் இருமியது, பிடித்துக்கொண்டது. முள் சரியான இடத்துக்கு வந்து நிற்கும்வரை காத்திருந்து, மெதுவாக லைனை மாற்றினேன். தெரு முழுக்க ஃபேன்கள் சுற்றத் தொடங்கும் சத்தம் கேட்டது. போனை எடுத்தேன். மறுமுனையில் அவர் பேசாமல் எஞ்சினையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நல்லா ஓடுது" என்றார் கடைசியில். "உன் கை நல்லா இருக்கட்டும், தங்கச்சி."